பழைய ஒரு டாலர் நோட்டுல இருக்குற படம் யார் வரைஞ்சது? (டேவிட் மலாங்கி பத்தின பேச்சு)

பழையநோட்டு:
வணக்கம் மக்களே, ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். எங்க பெரியப்பா கப்பல்ல வேலை பாத்தவரு, போன துறைமுகத்துல எல்லாம் மிச்சமான சில்லறைய ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருந்தாரு, அவர் காலத்துக்கு அப்புறம் அந்த டப்பா எங்கிட்ட வந்துச்சு, எனக்கு நோட்டு சேக்குற கிறுக்கு புடிச்சதே அதுலருந்துதான். போன ஞாயித்துக்கிழமை ஆல்பத்த தூசி தட்டிக்கிட்டு இருந்தப்ப ஆஸ்திரேலியா ஒரு டாலர் நோட்டு ஒன்னு நழுவி விழுந்துச்சு. ஒரு பக்கம் எலிசபெத் ராணி. மறுபக்கம் பாத்தீங்கன்னா பாம்பு, மரம், கங்காரு, மனுச உருவங்க, எல்லாம் எலும்புக்கூடு மாதிரி கோடுகோடா. அதுக்குக் கீழ நான் இருவது வருசம் முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல "பின்பக்கம்: பழங்குடி ஓவியம்"னு எழுதி ஒட்டியிருக்கேன், அவ்ளோதான்.

பக்கத்துல என் பொண்ணு உக்காந்திருந்தா. "யாருப்பா வரைஞ்சது?"ன்னா. பழங்குடி மக்கள்னு சொன்னேன். "எல்லாரும் சேந்தா வரைஞ்சாங்க, ஆளுக்கு ஒரு கோடா?"ன்னு கேட்டாளே பாக்கணும். வாயடைச்சுப் போயிட்டேன். யாருக்காவது தெரியுமா?

டார்வின்வாசி:
அண்ணே உங்க பொண்ணு கேட்ட கேள்விய 1966ல ஆஸ்திரேலியா ரிசர்வ் பேங்க்ல ஒருத்தர் கேட்டிருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது.

வரைஞ்சவர் பேர் டேவிட் மலாங்கி. டேவிட் தைமிரிங்கு மலாங்கின்னும் எழுதுவாங்க. 1927ல பொறந்தவர், ஊர் முலாங்கா, அதாவது வட ஆஸ்திரேலியாவுல ஆர்னெம் லேண்ட்னு ஒரு பெரிய பழங்குடி நிலப்பகுதி இருக்கு, அதோட நடுப்பகுதியில கிளைட் ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கம். நான் டார்வின்ல பன்னெண்டு வருசமா இருக்கேன், இங்கருந்து கிழக்கால சின்ன விமானத்துல போகணும், மழைக்காலத்துல ரோடு தண்ணிக்குள்ள போயிரும். பக்கத்துல மிலிங்கிம்பின்னு ஒரு தீவு, அங்க மெதடிஸ்ட் மிஷன் இருந்துச்சு, மலாங்கி சின்ன வயசுல அங்கயும் இருந்திருக்காரு.

1963ல கரெல் குப்கான்னு செக் நாட்டுல பொறந்து பாரிஸ்ல செட்டிலான ஒரு ஓவியர் மிலிங்கிம்பி பக்கம் வந்து மரப்பட்டை ஓவியங்களா வாங்கிட்டுப் போனாரு, அதுல மலாங்கியோட படமும் ஒன்னு. அது பாரிஸ்ல ஒரு மியூசியத்துக்குப் போயிருச்சு. அப்ப ஆஸ்திரேலியா பவுண்ட் ஷில்லிங்க விட்டுட்டு டாலருக்கு மாறப்போகுது, புது நோட்டுக்கு டிசைன் வேணும், அந்தப் படத்தோட போட்டோ ஒன்னு எப்படியோ பேங்க் ஆளுங்க கைக்கு வருது. டிசைனர் கோர்டன் ஆண்ட்ரூஸ் அத வச்சு கோட்டுப்படமா மாத்தி ஒரு டாலர் நோட்டுல போட்டாரு. 1966 பிப்ரவரி 14 நோட்டு வெளிய வந்தாச்சு. படம் போட்ட ஆளு உயிரோட இருக்காரா, பேரென்ன, எதுவும் விசாரிக்கல. ஏதோ பழைய காலத்து, பேர் தெரியாத ஆதிவாசி ஒருத்தர் வரைஞ்சதுன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. வரைஞ்சு மூணு வருசம்தான் ஆகுது! மலாங்கிக்கு வயசு முப்பத்தொம்போது.

மிலிங்கிம்பி பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்தான் இது நம்ம மலாங்கி படமாச்சேன்னு கண்டுபிடிச்சு சொல்லியிருக்காரு. விசயம் வெளிய வந்து பேங்க் கவர்னர் ஹெச். சி. கூம்ப்ஸ், எல்லாரும் நக்கெட் கூம்ப்ஸ்னு கூப்பிடுவாங்க, அவர் 1967ல மலாங்கிக்கு ஆயிரம் டாலர், ஒரு வெள்ளி மெடல், அப்புறம் மீன்பிடி சாமான் ஒரு செட்டு, இதெல்லாம் குடுத்தாரு. அதுக்கப்புறம் மனுசனுக்குப் பேரே டாலர் டேவ்னு ஆயிருச்சு.

சும்மா_ஒருத்தன்:
சரி தப்பு பண்ணாங்க, தப்ப ஒத்துக்கிட்டு காசும் குடுத்தாங்க, மெடலும் குடுத்தாங்க. 1967ல ஆயிரம் டாலர் சாதாரணமா? நம்ம ஊர்ல நோட்டுக்குப் படம் வரைஞ்சவன் பேரு யாருக்காவது தெரியுமா? இதுல என்ன பெரிய அநியாயம்னு புரியல, சும்மா கேக்குறேன்.

டார்வின்வாசி:
நம்ம ஊர்ல நோட்டுக்கு வரையிறவரு சம்பளத்துக்கு, நோட்டுக்குன்னு தெரிஞ்சே வரையிறாரு தம்பி. இவருக்கு தன் படம் நோட்டுல வந்ததே தெரியாது. ரெண்டும் ஒன்னா?

ஓவியப்பித்தன்:
அந்தப் படத்துல என்ன இருக்குன்னு யாரும் சொல்லலையே. அதச் சொல்லாம ஆயிரம் டாலர் போதுமா போதாதான்னு பேசுனா அர்த்தமில்ல.

அது ஒரு எழவு வீட்டுப் படம்.

குர்மிரிங்குன்னு ஒரு ஆதி முன்னோர், பெரிய வேட்டைக்காரர். மலாங்கியோட மன்யார்ங்கு குலம் இருக்கே, அவங்க அவர் வழி வந்தவங்க. வேட்டையாடிட்டு வந்து ஒரு வெள்ளைப் பழ மரத்தடியில உக்காந்து கறி சமைக்கும்போது மரத்து வேர்ல இருந்த பாம்பு கடிச்சு செத்துப்போறாரு. சாதாரண பாம்பில்ல, கெட்ட ஆவி பாம்பு உருவத்துல இருக்குறதா சொல்வாங்க, இங்கிலீஷ்ல கிங் பிரவுன்னு பேர் இருக்குற கொடிய விஷப் பாம்பு. அவருக்குத்தான் முதல் சாவுச் சடங்கு நடக்குது. உடம்புல வண்ணம் பூசி, பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடி, வேட்டைக்கறி கொண்டு வந்து வச்சு. அதுக்கப்புறம் அந்த குலத்துல யார் செத்தாலும் அதே முறை, அதே பாட்டு. நோட்டுல நீங்க பாக்குற மனுச உருவம், பாம்பு, மரம், கங்காரு எல்லாம் அந்தச் சடங்குதான்.

அதாவது அண்ணே, உங்க குடும்பத்துல ஒருத்தர் தவறிட்டா பாடுற ஒப்பாரி, கருமாதில செய்யிற முறை, அத ஒருத்தன் கேக்காம எடுத்து, டீக்கடையில, பார்ல, குதிரைப் பந்தயத்துல கை மாறுற காசுல அச்சடிச்சு விட்டா எப்படி இருக்கும்? காசு எவ்ளோங்குறது ரெண்டாவது கேள்வி.

வன்னிக்குருவி:
ஐயோ கடவுளே. நான் மெல்பேர்ண் வந்து இருபத்தஞ்சு வருசம், உந்த நோட்டை கண்ணால கண்டதில்லை, நாங்கள் வரேக்க ஒரு டொலர் குத்தி (நாணயம்) வந்திட்டுது. ஆனா மலாங்கியிட பேர் எனக்குத் தெரியும், கன்பராவில பாத்தனான். அதைப் பிறகு எழுதுறன், வேலைக்கு நேரமாச்சு.

சும்மா_ஒருத்தன்:
ஓவியப்பித்தன் சொன்னது யோசிக்க வைக்குது, ஒத்துக்குறேன். ஆனா ஒரு லாஜிக் இடிக்குதே, அவ்ளோ புனிதமான படம்னா அத ஏன் பாரிஸ்காரனுக்கு வித்தாரு? வித்ததுக்கு அப்புறம் அவன் இஷ்டம்தான?

வக்கீல்மாமா:
இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். தம்பி, நீங்க ஒரு ஓவியம் வாங்குனா உங்களுக்குச் சொந்தமாகுறது அந்த மரப்பட்டை. அதுல இருக்குற படத்த பிரதி எடுக்குற உரிமை, அதாவது காப்புரிமை, வரைஞ்சவன்கிட்டயேதான் இருக்கும், தனியா எழுதிக் குடுத்தா ஒழிய. புஸ்தகம் வாங்குனவன் அத அச்சடிச்சு விக்க முடியுமா? அதே கதைதான். 1966ல ஆஸ்திரேலியாவுல இருந்த சட்டமும் அதான், வரைஞ்சவர் செத்து அம்பது வருசம் வரைக்கும் உரிமை உண்டு. பழங்குடி வரைஞ்சா கிடையாதுன்னு எந்தப் பிரிவும் இல்ல. சட்டத்துல ஓட்டை இல்ல, இந்தப் படத்துக்குப் பின்னாடி ஒரு தனி மனுசன் இருக்காங்குற நெனப்புதான் யாருக்கும் வரல. அத வரைஞ்சவன் எப்பவோ செத்துப்போயிருப்பான், பேர் இருக்காது, கேக்க ஆள் வராதுன்னு ஒரு அனுமானம்.

அப்புறம் அந்த ஆயிரம் டாலர். அது உரிமத் தொகையா, நஷ்டஈடா, அன்பளிப்பா? மெடல், மீன்பிடி சாமானோட சேத்துப் பாத்தா எனக்கு என்னமோ அன்பளிப்பு வாசனைதான் அடிக்குது. அன்பளிப்புன்னா குடுக்குறவன் மனசு. உரிமைன்னா வாங்குறவன் கணக்கு கேக்கலாம், எத்தன கோடி நோட்டு அடிச்சேன்னு. ரெண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்ல. இருந்தாலும் ஆஸ்திரேலியாவுல பழங்குடி ஓவியர்களோட காப்புரிமை பத்திப் பேச ஆரம்பிச்சா எல்லாரும் இந்த நோட்டுலருந்துதான் தொடங்குவாங்க.

டார்வின்வாசி:
கூம்ப்ஸ் பத்தி ஒன்னு சொல்லணும், நியாயமா. அவர் கதவ சாத்திட்டு உக்காரல. அதே 1967ல பழங்குடியினர் விவகாரத்துக்குன்னு அரசாங்கம் ஒரு கவுன்சில் போட்டுச்சு, அதுக்குத் தலைவரா ஆனவரும் அவர்தான், பேங்க்க விட்டதுக்கு அப்புறமும் பழங்குடி மக்களுக்காக ரொம்ப வருசம் வேலை பாத்தாரு.

ஆனா காலத்தையும் பாருங்க. நோட்டு வெளிவந்த அதே 1966, ஆகஸ்ட் மாசம், டார்வின், ஆர்னெம் லேண்ட் எல்லாம் இருக்குற இதே நார்தர்ன் டெரிட்டரில வேவ் ஹில் மாட்டுப்பண்ணையில குரிஞ்சி பழங்குடி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில வேலைய போட்டுட்டு நடந்து போறாங்க. கூலி பத்தலன்னு ஆரம்பிச்சு நிலமே எங்களுதுன்னு போன போராட்டம். வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளம் பண்ணையில வேலை பாக்குற பழங்குடி ஆளுக்கும் உண்டுன்னு தீர்ப்பு வந்து, அது நடைமுறைக்கு வந்ததே 1968 டிசம்பர்லதான். ஆக நோட்டு வந்ததுலருந்து கிட்டத்தட்ட மூணு வருசம், அவங்க படம் போட்ட டாலர்லயே அவங்களுக்குக் கொறச்ச சம்பளம் குடுத்திருக்காங்க. இத நினைச்சா எனக்கு சிரிப்பு வரும், அப்புறம் வராது.

பழையநோட்டு:
இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். பொண்ணுக்கும் படிச்சுக் காட்டினேன், "அப்ப எழவு வீட்டு போட்டோவா"ன்னு கேட்டுட்டு நோட்ட மெதுவா வச்சிட்டா. ஓவியப்பித்தன் சார், இந்த மரப்பட்டை ஓவியம்னா எப்படி செய்வாங்க, கேன்வாஸ் மாதிரி அடிச்சுக்கிட்டு வரைவாங்களா?

ஓவியப்பித்தன்:
மரத்துல நீரேத்தம் இருக்கணும். அங்க மழைக்காலம் டிசம்பர்லருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும், அப்பதான் மரத்துல தண்ணி ஓடும், பட்டை சுலபமா உரிஞ்சு வரும், மத்த நாள்ல உரிச்சா கிழிஞ்சுரும். மரம் நம்ம தைலமரத்து ஜாதி, ஸ்ட்ரிங்கிபார்க்னு சொல்வாங்க, வெளித்தோல் நார் நாரா இருக்கும். மேலயும் கீழயும் சுத்தி வெட்டி, நடுவுல நெட்டுக்க ஒரு கீறல் போட்டு, அப்படியே சட்டைய கழட்டுற மாதிரி உரிச்சு எடுப்பாங்க. வெளிநார எல்லாம் சீவித் தள்ளிட்டு நெருப்புல காட்டுவாங்க, சூட்டுல இளகி விரியும், அத தரையில போட்டு மேல கல்லு கட்டைய பாரம் வச்சு சில நாள் விட்டா தட்டையாகும். படம் போடுறது உள்பக்கம். மேலயும் கீழயும் குச்சி வச்சுக் கட்டுவாங்க, இல்லன்னா அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். மியூசியத்துல வேலை பாக்குறவங்கள கேளுங்க, அம்பது வருசம் ஆனாலும் மரப்பட்டை ஈரத்துக்கு ஏத்த மாதிரி அசைஞ்சுகிட்டே இருக்கும்னு புலம்புவாங்க.

கலரு நாலுதான். செங்காவி, மஞ்சக்காவி, வெள்ளைக் களிமண் (நாமக்கட்டி மாதிரின்னு வச்சுக்குங்களேன்), கரி. கல்லுல உரைச்சு தண்ணி விட்டு, ஒட்டுறதுக்கு அந்தக் காலத்துல காட்டு ஆர்க்கிட் தண்டுச் சாறு, ஆமை முட்டை, பின்னாடி மரவேலைக்குப் போடுற வெள்ளை பசை வந்துருச்சு. மெல்லிசு கோட்டுக்கு மனுசத் தலைமுடி நாலஞ்ச குச்சில கட்டுன பிரஷ். அந்த முடி முழுநீளமும் கலர்ல நனைச்சு பட்டையில படுக்கப் போட்டு இழுக்குறது, குத்தி வரையிறதில்ல.

இத வீட்ல செஞ்சு பாத்தேன் ஐயா. ஈர்க்குச்சில வீட்டுக்காரம்மா முடிய கட்டி, காவிய உரைச்சு, ஒரு பனைமட்டைல இழுத்தேன். மொத கோடு மண்புழு. ரெண்டாவது கோடு மழையில நனைஞ்ச மண்புழு. மூணாவதுக்கு "என் முடிய எதுக்குய்யா புடுங்குன"ன்னு சத்தம் வந்துச்சு, நிறுத்திட்டேன். அவங்க ஒரு சாண் இடத்துல நூறு கோடு ஒன்னோட ஒன்னு முட்டாம போடுறத பாத்தா கும்பிடத் தோணும்.

ஆனா மலாங்கியோட தனித்தன்மை எதுன்னா அவர் கட்டம் கட்டமா மெல்லிசு கோடு போட்டு நெரப்புற ஆளு இல்ல. ஆர்னெம் லேண்ட் மேற்குப் பக்கம், ஜான் மாவுர்ஞ்சுல் மாதிரி ஆளுங்க பட்டை முழுக்க கண்ணு கூசுற மாதிரி ரார்க், அதாவது மெல்லிசு குறுக்குக் கோடு, போட்டு ரொப்பிருவாங்க, கோடுதான் அங்க வெளிச்சமே. மலாங்கி நல்லா கறுப்பு பூசி வெறுமனே விட்டுருவாரு, அதுமேல வெள்ளையும் சிவப்புமா தடிச்ச உருவங்க. எனக்கு அந்த வெத்துக் கறுப்புதான் புடிக்கும். நோட்டுல அந்தக் கறுப்பு இல்ல, ஆண்ட்ரூஸ் கோட்ட மட்டும் எடுத்துக்கிட்டாரு, அதனால நோட்டப் பாத்து மலாங்கி இப்படித்தான் வரைவாருன்னு நினைச்சுக்காதீங்க.

சும்மா_ஒருத்தன்:
மண்புழு 😂😂

சரி டாலர் டேவ் ஆனதுக்கு அப்புறம் மனுசன் என்ன ஆனாரு? அந்த ஒரு படம்தானா?

டார்வின்வாசி:
அதான் கொடுமை தம்பி, அந்தப் பட்டப்பேரு அவர் வாழ்க்கையவே ஒரு நோட்டுக்குள்ள அடைச்சுருச்சு. 1999ல இறந்தாரு, அதுவரைக்கும், நோட்டுக்கு அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல, வரைஞ்சுகிட்டே இருந்தாரு. ராமின்கினிங் ஊர் பக்கத்துல யாதலமாரான்னு ஒரு இடம், அல்லி பூத்த குளம், அங்க குடும்பத்தோட குடியிருந்தாரு. குர்மிரிங்கு கதைய திரும்பத் திரும்ப வேற வேற மாதிரி போட்டாரு, மொதல் தடவை சரியா வராததால இல்ல, ஒரே ராகத்த ஆயுசு பூரா பாடுற பாகவதர் மாதிரி. அப்புறம் ஜாங்கவு சகோதரிங்க கதை, அந்தச் சகோதரிங்க போற வழியில கைக்குச்சிய ஊனுன இடமெல்லாம் தண்ணி ஊத்தா கிளம்புச்சுன்னு சொல்வாங்க, முலாங்கா ஊரும் அந்தக் கதைல வருது. அங்க யார் வேணா எந்தக் கதைய வேணா போட முடியாது, அப்பா வழில வந்த கதைக்கு ஒரு உரிமை, அம்மா வழி ஊருக்கு மேற்பார்வைக் கடமை, மொத்த சனமும் துவா, யிரிச்சான்னு ரெண்டு பாதி, இவர் துவா.

1979ல சிட்னி பியனாலே. உலக லெவல் கலைக் கண்காட்சி, அதுல மொத மொதல்ல பழங்குடி ஓவியர்கள சேத்தாங்க, மூணே பேரு: மலாங்கி, ஜார்ஜ் மில்புருரு, ஜானி புங்காவுய், எல்லாம் ராமின்கினிங் பக்கத்து ஆளுங்க. அந்த வருசம் கண்காட்சிக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, "ஐரோப்பிய உரையாடல்"! நம்ம ஆளுங்க மரப்பட்டையோட போயி ஐரோப்பாவோட உரையாடிட்டு வந்திருக்காங்க. 1988ல நியூயார்க் போனாரு, ஏஷியா சொசைட்டி கண்காட்சிக்கு. 1996ல ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டி கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு, என்ன பட்டம்னு பாருங்க, சட்டத்துல! வக்கீல்மாமா இதுக்கு என்ன சொல்றீங்க?

வக்கீல்மாமா:
பொருத்தமான ஆளுக்குத்தான் குடுத்திருக்காங்க, வேறென்ன சொல்ல 😊

மில்புருரு பேர் வந்ததால சொல்றேன். 1990கள்ல ஒரு கம்பெனி பழங்குடி ஓவியங்கள அப்படியே காப்பியடிச்சு வியட்நாம்ல தரைவிரிப்பா நெய்ய வச்சு ஆஸ்திரேலியாவுல இறக்குனாங்க. தரைவிரிப்பு! புனிதமான படத்து மேல செருப்புக் கால். அதுல யிர்கலா ஊர் பண்டுக் மரிகாவோட படமும் இருந்துச்சு. மில்புருரு பேர்லயே கேஸ், 1994ல தீர்ப்பு, நஷ்டஈடு 1,88,640 டாலர். அதுல முக்கியமானது பணம் இல்ல. படம் தப்பாப் போனா அவங்க சமூகத்துல ஓவியர்தான் பதில் சொல்லணும், ஒழுங்கா காப்பாத்தலன்னு அவருக்குத்தான் தலைகுனிவு, அந்த மனப்பாதிப்பையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கிச்சு.

இன்னொரு வேடிக்கை, வேடிக்கைன்னு சொல்லக்கூடாது. 1988ல இதே ரிசர்வ் பேங்க் இருநூறாவது வருசத்துக்குன்னு ஒரு பிளாஸ்டிக் பத்து டாலர் நோட்டு விட்டுச்சு. அதுல டெர்ரி யும்புலுல்ங்குறவர் செஞ்ச விடிவெள்ளிக் கம்பம், அதுவும் சாவுச் சடங்குல வர்ற சாமான். இந்த வாட்டி பாடம் படிச்சிருந்தாங்க, ஏஜென்சி மூலமா முறையா உரிமம் வாங்கிட்டாங்க, கையெழுத்தெல்லாம் இருக்கு. ஆனா ஊர்ப் பெரியவங்க அவரப் புடிச்சு உலுக்கிட்டாங்க, இத நோட்டுல போட நீ யாருடா ஒத்துக்கன்னு. அவர் கோர்ட்டுக்குப் போனாரு, 1991ல தோத்துட்டாரு. சமூகத்துக்குன்னு உள்ள உரிமைய காப்புரிமைச் சட்டம் போதுமான அளவு மதிக்கலன்னு நீதிபதியே சொன்னாரு, சொல்லிட்டு கேஸ தள்ளுபடி பண்ணிட்டாரு.

சும்மா_ஒருத்தன்:
அப்ப கேட்டுப் போட்டாலும் தப்பு, கேக்காம போட்டாலும் தப்பா? அப்புறம் அவங்க எதத்தான் போடுறது?

ஓவியப்பித்தன்:
யாரக் கேக்கணுமோ அவங்களக் கேக்கணும்பா. கோயில் நகைய அடகு வைக்க பூசாரி கையெழுத்து போட்டா போதுமா, ஊர் கூடணும்ல.

வன்னிக்குருவி:
வந்திட்டன். வக்கீல் அண்ணை எழுதினதை பஸ்ஸுக்குள்ள வாசிச்சனான்.

கன்பரா தேசிய கலைக்கூடத்தில "பழங்குடியினர் நினைவகம்" எண்டு ஒண்டு இருக்கு. இருநூறு மரக்கட்டையள். 1788 இல வெள்ளைக்காரர் வந்து இறங்கினதில இருந்து 1988 மட்டும் வருசத்துக்கு ஒரு கட்டை. ஆர்னெம் லாண்டில செத்தவையின்ர எலும்பை எடுத்து உள்ளுக்க கோறையான மரத்தில வைச்சு நட்டு விடுறது வழக்கமாம், அந்த மாதிரிக் கட்டையள், ஆனா இதுக்குள்ள எலும்பு இல்லை. நிலத்துக்காகச் செத்து முறையா அடக்கம் பண்ணுப்படாத ஆக்கள் எல்லாருக்கும் சேத்து செய்தது. ராமின்கினிங் கலைஞர் நாப்பத்து மூண்டு பேர் செய்தவை, மலாங்கியும் ஒராள். யோசனை ஜான் மண்டைன் எண்டவற்ற, அவர்தான் அங்க கலை ஆலோசகரா இருந்தவர். நடுவில ஒரு பாதை விட்டிருக்கு, அது கிளைட் ஆறாம். எந்தக் குலத்தின்ர காணி ஆத்தில எந்த இடத்தில இருக்கோ அந்த இடத்தில அவையின்ர கட்டை நிக்குது. டார்வின்வாசி எழுதின அதே ஆறு. மலாங்கியிட ஊர் ஆத்து வாயில எண்டா அவற்ற கட்டையளும் அந்தப் பக்கம்தானே நிக்க வேணும்.

நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனனான், அவருக்கு அப்ப எழுவத்தாறு வயசு, முழங்கால் நோ, மற்ற அறையளுக்குள்ள கதிரை எங்க கதிரை எங்க எண்டு தேடினவர். இதுக்குள்ள வந்தவுடன அந்தப் பாதையால ஒருக்கா போய் திரும்பி வந்தார், பிறகும் போனார். சில கட்டை என்ர தோள் உயரம், சிலது ஆளை விட நல்ல உயரம், மேல் பக்கத்தில சின்ன ஓட்டை. கையை நீட்டி தொடப்போட்டு காவலாளியைக் கண்டிட்டு கையை எடுத்திட்டார். பிறகு என்னட்ட கேட்டார், "பிள்ளை, இதில செத்த ஆக்களின்ர பேர் ஒண்டும் எழுதேல்லையோ?" இல்லை அப்பா எண்டன். செய்த ஆக்களின்ர பேர் இருக்கு எண்டு சொல்லி வாசிச்சுக் காட்டினன், அதில மலாங்கியிட பேர் வந்தது, அப்பிடித்தான் எனக்கு அந்தப் பேர் தெரியும். அப்பா வேற ஒண்டும் கதைக்கேல்லை. காருக்குள்ள ஏறினாப் பிறகு "செய்தவங்களின்ரயாவது இருக்கே" எண்டார்.

டார்வின்வாசி:
அக்கா… சரி.

அவங்க வழக்கத்துல இன்னொன்னும் இருக்கு, ஒருத்தர் தவறிட்டா கொஞ்ச காலம் அவர் பேரையே சொல்ல மாட்டாங்க, படமும் காட்ட மாட்டாங்க. இங்க டிவில, மியூசியத்துல எல்லாம் "இறந்தவர்களோட பேரும் படமும் வரலாம்"னு முன்கூட்டியே எச்சரிக்கை போடுவாங்க. மலாங்கி போயி இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு, 2004லயே தேசிய கலைக்கூடம் அவர் பேர்லயே பெரிய கண்காட்சி நடத்திருச்சு, அதனால நாம பேசலாம். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கும் எப்பவும். பேரே கேக்காம விட்டது ஒரு பக்கம், செத்தவர் பேர மரியாதைக்காக சொல்லாம இருக்குறது இன்னொரு பக்கம். வெளிய இருந்து பாத்தா ரெண்டுலயும் பேர் இல்ல, அவ்ளோதான் தெரியும்.

வக்கீல்மாமா:
ஒரு சின்ன தகவல். 2010 ஜூன்லருந்து அங்க ஒரு சட்டம், ஓவியம் கைமாறி திரும்ப விக்கும்போது விலை ஆயிரம் டாலர் அல்லது அதுக்கு மேலன்னா ஓவியருக்கு அஞ்சு சதவீதம், அவர் இல்லன்னா வாரிசுக்கு, இறந்து எழுவது வருசம் வரைக்கும். ஆயிரம் டாலர்! அதே தொகை, தற்செயல்தான், ஆனாலும்.

பழையநோட்டு:
ஒரு விசயம் தோணுச்சு. இந்த நோட்டுல ராணி இருக்குற பக்கம் ரெண்டு கையெழுத்து இருக்கும், ஒன்னு ரிசர்வ் பேங்க் கவர்னர், இன்னொன்னு கருவூலச் செயலர். 1966 மொத அச்சுல கவர்னர் கையெழுத்து கூம்ப்ஸோடது! கூம்ப்ஸ்-வில்சன் ஜோடின்னு சேகரிக்குறவங்க சொல்வோம். அப்ப அந்த மனுசன் தன் கையெழுத்து ஒரு பக்கம் இருக்குற நோட்ட கையில வச்சுக்கிட்டு, மறுபக்கம் பேர் இல்லாம இருக்குற ஆளப் பாக்கப் போயிருக்காரு. இத்தன வருசமா கையெழுத்த வச்சு விலை பேசுறேன், இது ஒருநாளும் மண்டைல ஏறல.

ஓடிப்போயி லென்ஸ் எடுத்து என் நோட்டப் பாத்தேன்.

சும்மா_ஒருத்தன்:
யோவ் சொல்லுய்யா, கூம்ப்ஸா?

பழையநோட்டு:
இல்லப்பா. நைட்-ஸ்டோன். 1979க்குப் பின்னாடி அடிச்சது, பெரியப்பா எண்பதுல சிட்னி போனப்ப கையில வந்திருக்கும். பழைய அச்சுல வர்ற "காமன்வெல்த்"ங்குற வார்த்தை கூட இல்ல, வெறும் ஆஸ்திரேலியாதான். நடுவுல மடிச்ச கோடு வேற, பாம்பு மேலயே போகுது. சந்தையில நூறு இருநூறு ரூவா தேறுனா அதிகம்.

டார்வின்வாசி:
இங்க ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய காசு விக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, கூம்ப்ஸ் நோட்டு இருக்கான்னு கேக்குறேன் அண்ணே. நல்ல கண்டிஷன்ல இருந்தா விலை சொல்வாரு, கொஞ்சம் அழுதாதான் கொறைப்பாரு.

பழையநோட்டு:
கேளு தம்பி. மடிப்பு இருந்தாலும் பரவால்ல. துண்டுச் சீட்டு மாத்தியாச்சு, பொண்ணுதான் எழுதுனா, மலாங்கியில "லா"வுக்கு பதிலா "ழா" போட்டுட்டா, அடிச்சுட்டு திரும்ப எழுதிக்கிட்டு இருக்கா.